மார்பகச் சோதனையில் புலப்படும் நுரையீரல் உறை

மார்பகத்தைக் கேளா ஒலிக் கருவியால் சோதிக்குங்கால், தோல், கொழுப்பு, சுரப்பித் திசு, தசை, விலா எலும்பு ஆகியவற்றிற்கும் அப்பால் நுரையீரலின் உறை திரையில் தோன்றுகிறது. கட்டியைத் தேடும் கண் அங்குச் செல்வது அரிது.

ஒலி காற்றை எதிர்ப்பட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆதலின் நலமான நுரையீரலின் உட்புறம் தெரியாது. உறை மட்டும் மூச்சுக்கேற்ப வழுக்கும் ஒளிக்கோடாகத் தெரியும். அக்கோட்டினின்று செங்குத்தான ஒளிக்கதிர்கள் கீழிறங்குவதும் உண்டு. ஓரிரண்டு பொருட்படுத்தத் தக்கவையல்ல. ஒரே விலா இடைவெளியில் 3 அல்லது அதற்கு மேல் காணின், நுரையீரலில் நீர்க்கோப்போ, அழற்சியோ, தழும்போ இருக்கலாம்.

உறையின் இரு அடுக்குகளுக்கிடையே கரிய பட்டை தென்படின் அது பெரும்பாலும் நீரே. நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் நீர் முதுகுப்புறம் தேங்கும். முன்புறம் காணாமையால் நீரில்லை எனத் துணியலாகாது. இந்நீர் காசநோயாலும், இதயத் தளர்ச்சியாலும், மார்பகப் புற்று பரவியதாலும் சுரக்கலாம். எதனால் என்பதை இப்படம் உரைக்காது. எனவே, கண்டதை அறிக்கையில் குறித்து, மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க அனுப்புதல் வேண்டும். கருவியின் ஆழ அளவை மிகக் குறைத்து வைப்போர்க்கு இவ்வுறை திரையிலேயே வாராது.