மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

வலியசாலையில் ஒரு டாக்சி அண்ணன் இருக்கிறார். நம் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். இரவில் சாலைக் கடைத்தெரு அருகே வண்டியை நிறுத்துவார்.

ஒரு நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அது அணையவே இல்லை. பெட்ரோலும் அதிகம் செலவானது.

அண்ணன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "ஆக்சிஜன் சென்சார் போச்சு. மாத்தணும். சில ஆயிரம் ஆகும்" என்றார்கள். அண்ணன் திகைத்தார். அது மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம்.

வகுப்புக்கு வந்தவர், "தம்பி, அந்தச் சென்சார் எதுக்கு?" என்று கேட்டார். வாருங்கள், நாமும் தெரிந்துகொள்வோம்.

சென்சாரின் வேலை

விறகு அடுப்பைப் பாருங்கள். விறகைத் திணித்தால் காற்று போகாது. புகை வரும். விறகும் வீணாகும். எஞ்சினும் அப்படித்தான். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும்.

எரிந்த புகை சைலன்சர் குழாய் வழியாக வெளியே போகிறது. அந்தக் குழாயில்தான் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மீதி என்று அது பார்க்கிறது. அதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

இந்தச் சென்சார் 1976-இல் சுவீடனின் வால்வோ கார்களில் வந்தது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இதைச் செய்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் சென்சார் கெட்டுவிடும். 2000 பிப்ரவரி முதல் நம் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் கிடைக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பல பைக்குகளிலும் இந்தச் சென்சார் உண்டு.

அண்ணன் எண்ணைப் படித்தார்

மறுநாள் அண்ணன் வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் ஸ்கேனர் என்ற சிறு கருவியை வண்டியில் மாட்டினார். "எண்ணை எனக்குக் காட்டுங்க" என்றார் அண்ணன். திரையில் இருந்ததைத் தானே படித்தார். பி 0135. அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

"அப்படீன்னா என்ன?" என்று கேட்டார்.

"சென்சாருக்குள்ளே ஒரு ஹீட்டர் இருக்கு. 300 டிகிரிக்கு மேலே சூடானாத்தான் சென்சார் வேலை செய்யும். அந்த ஹீட்டருக்குக் கரண்டு சரியாப் போகலை" என்றார் மெக்கானிக்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சென்சார் வயரை எலி கடித்திருந்தது! கடைத்தெருவில் அரிசிக்கும் பருப்புக்கும் வரும் எலிகள் வண்டிக்குள்ளும் புகுந்துவிடும். வயரைச் சரியாக இணைத்தார்கள். ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்தார்கள். விளக்கு மறுபடி எரியவில்லை. பணம் மிஞ்சியது.

மாற்றும் முன் பாருங்கள்

1. ஸ்கேனரில் வரும் எண் என்ன? எழுதி வாங்குங்கள்.
2. வயர் அறுந்திருக்கிறதா? பிளக் கழன்றிருக்கிறதா?
3. ஃபியூஸ் போயிருக்கிறதா?
4. சைலன்சர் குழாயில் ஓட்டை உண்டா? ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்தால் சென்சார் தவறாகச் சொல்லும்.
5. சாதாரண வகைச் சென்சார் என்றால், எஞ்சின் சூடானபின் அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கோளாறு உண்டு.

மாற்றும் முறை

சென்சார் உண்மையாகவே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் வீணாகும். புகையும் கூடும்.

எஞ்சின் ஆறட்டும். சூடான குழாய் கையைச் சுட்டுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். மழையில் துருப்பிடித்த சென்சார் எளிதில் வராது. துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் பொறுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும்.

புதுச் சென்சார் அதே வண்டிக்கு உரியதா என்று பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். அதன் நுனியில் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. முதலில் கையால் திருகுங்கள். பிறகு வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஸ்பானரால் இறுக்குங்கள். வயர் சூடான குழாயில் படாமல் கட்டுங்கள். கடைசியில் பேட்டரி வயரை மாட்டி, பழைய எண்ணை அழியுங்கள்.

எச்சரிக்கை: மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

விளக்கு எரிந்தால் எங்கோ கோளாறு என்று மட்டும் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று விளக்கு சொல்லாது. எண்ணைப் படிக்க வேண்டும், காரணத்தைக் கேட்க வேண்டும். அண்ணன் அந்தத் தாளை இன்றும் வண்டியில் வைத்திருக்கிறார்.

பதில் எழுதுங்கள்

1. ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கிறது?
2. அண்ணன் படித்த எண் எது? அதன் பொருள் என்ன?
3. உங்கள் வண்டியில், அல்லது தெரிந்தவர் வண்டியில், முன்னால் உள்ள விளக்குகளைப் பாருங்கள். மூன்றின் படத்தை வரைந்து பெயர் எழுதுங்கள்.