கல்லைக் கழுவாதே, கயல்

அலிப்பூரில் இருக்கும் அன்புக் கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேசிய நூலகத்தில் பார்த்த புத்தகத்தில், சப்பையான ஒரு கல்லின் படத்துக்குக் கீழே ‘கற்கால அரைகல்’ என்று போட்டிருந்ததாம். அதில் உணவைத்தான் அரைத்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். ஒரே சான்றை நம்பி அப்படிச் சொல்லிவிட முடியாது, கயல். கல் வந்த இடம், தேய்ந்த விதம், ஒட்டியிருக்கும் துகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

முதலில் இடம். அலிப்பூரில் எங்கே தோண்டினாலும் ஆற்று வண்டலும் களிமண்ணும்தான் வரும். கங்கைச் சமவெளியில் பெரும்பாலும் இதே நிலைதான். உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில் தம்தமா, மகதஹா என்ற இடங்களில், வேட்டையாடியும் காட்டுத் தாவரங்களைச் சேகரித்தும் வாழ்ந்தவர்களின் குடியிருப்புகளை அலகாபாத் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். அரைகற்களும் குழவிகளும் கிடைத்தன. அந்த வண்டல் மண்ணில் கல் தானாக முளைக்காது. தெற்கே கங்கையைத் தாண்டி, விந்திய மலைப் பக்கமிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். அத்தனை தூரம் சுமக்கிற அளவுக்கு அரைப்பது அவர்களுக்கு அவசியமாக இருந்திருக்கிறது.

அடுத்தது தேய்மானம். உன் வங்காளித் தோழிகள் வீட்டில் ஷில்-நோடா பார்த்திருப்பாய். நம் அம்மியும் குழவியும்தான். தேய்ந்து வழவழப்பானால் மசாலா அரைபடாது, உளியால் கொத்தித் தர வேண்டும். கற்காலத்திலும் அரைக்கும் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். அந்தக் குழிகளையும், அவற்றின் மேல் படிந்த தேய்மானத்தையும், கீறல்கள் ஓடும் திசையையும் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முன்னும் பின்னும் தள்ளி அரைத்தால் கீறல் நேராக ஓடும். சுழற்றி அரைத்தால் வளையும். ஆனால் நிறத்துக்காகக் காவிக்கல்லை அரைத்தாலும் கல் தேயும். அதனால் அதே வகைக் கல்லில் தானியத்தையும் காவியையும் தனித்தனியே மணிக்கணக்கில் தாங்களே அரைத்துப் பார்த்து, தடங்களை ஒப்பிடுகிறார்கள்.

மூன்றாவது துகள். கல்லின் நுண்துளைகளில் மாவுச்சத்து மணிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தால் சிதையாத மணியில் கருத்த சிலுவைக் குறி ஒன்று தெரியும். மணியின் அளவும் வடிவமும் செடிக்குச் செடி மாறும். அரைபட்ட மணி விரிந்தும் வெடித்தும் இருக்கும். இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் 1989இல் நீர்மட்டம் தாழ்ந்தபோது, ஒஹாலோ என்ற 23,000 ஆண்டுப் பழைய குடியிருப்பு வெளிப்பட்டது. அங்கிருந்த எரிமலைப் பாறைப் பலகை ஒன்றில் வாற்கோதுமையின் மாவுச்சத்து மணிகள் இருந்தன. உழவு தொடங்குவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் காட்டுத் தானியத்தை அரைத்திருக்கிறார்கள்!

இதனால்தான் கல்லைக் கழுவாதே என்கிறேன். பழைய அகழாய்வுகளில் கற்களைத் தேய்த்துக் கழுவி எண் எழுதி வைப்பது வழக்கம். அதோடு துகள்களும் பெருமளவு போய்விடும். இப்போது கையுறையில் பூசிய மாவு கூட ஒட்டிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறார்கள். கல்லைச் சுற்றியுள்ள மண்ணையும் சோதித்து, துகள் மண்ணிலிருந்து வந்ததா, கல்லிலேயே இருந்ததா என்று பிரித்தறிகிறார்கள்.

கல்லில் மட்டுமல்ல, அரைத்தவர்களின் உடம்பிலும் தடம் இருக்கும். சிரியாவின் அபு ஹுரைரா என்ற தொல்லூரில் கிடைத்த எலும்புகளை ஆய்வாளர் தேயா மொல்லெசன் ஆராய்ந்தார். பல பெண்களின் கால்விரல், முழங்கால், கீழ்முதுகு எலும்புகள், நாள்தோறும் மண்டியிட்டு அரைத்ததால் உருமாறியிருந்தன. அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு வீட்டின் பசியாற்ற உடம்பு தேய உழைத்தவர்களுக்கு இந்தக் கல்லும் எலும்பும்தான் சாட்சி. அந்தச் சாட்சியை அழிக்காமல் கேட்பது நம் கடமை.

நீயும் ஒன்று செய். ஒரு ஷில்லைக் கொத்திய அன்றே படம் எடு. பிறகு மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடு. என்ன அரைத்தார்கள், எப்படித் தள்ளினார்கள் என்று தேதி போட்டு எழுதி வை. கொத்துகிறவரிடம் எந்தக் கல் சீக்கிரம் தேய்கிறது என்று கேள். புத்தகத்தில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும். ஓராண்டுக் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்பு. இருவரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அத்தை