பனிக்காலையில் பைக் மக்கர் செய்கிறதா?

கார்புரேட்டர் வைத்த பழைய 100 சிசி பைக்குகளுக்கு:

1. காலையில் சோக்கை முழுதும் போட்டு உதையுங்கள், ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். முறுக்கினால் பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சுவிசை குறைந்துவிடும்.

2. 10 நிமிடம் ஓட்டிவிட்டே டியூனிங்கில் கை வையுங்கள். ஆறிய எஞ்சினில் வைத்த அளவு நிலைக்காது.

3. எஞ்சினை அணைத்து, ஏர் ஸ்க்ரூவை வலப்பக்கம் மெதுவாக மூடுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், பழைய அளவுக்குத் திரும்ப உதவும். அழுத்தி முறுக்கவே கூடாது. ஊசிமுனை கெட்டால் செலவு பெரிது. ஒன்றரைச் சுற்று திறந்து, ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாகத் திருப்பி எஞ்சின் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள்.

4. ஐடிலிங்கை நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். குறைந்தால் சிக்னலில் அணையும்.

பிறகும் அடம்பிடித்தால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.