எந்தச் சம்பளம் இலாபம்?

வேலை தேடுவோரில் பலர் தொடக்கச் சம்பளத்தை மட்டுமே பார்க்கின்றனர். ஆண்டு உயர்வையும் சேர்த்துப் பார்க்க, நாம் வகுப்பில் படிக்கும் கூட்டுத் தொடர் உதவுகிறது.

முதல் வேலையில் மாதச் சம்பளம் 12,000 ரூபாய். ஆண்டுதோறும் 500 ரூபாய் உயரும். இரண்டாம் வேலையில் 10,000 ரூபாய். உயர்வு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் இரண்டிலும் சம்பளம் 14,000 ரூபாய். ஆனால் அதுவரை கைக்கு வந்த மொத்தம் சமமன்று.

முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் தொடரின் கூடுதல் கிடைக்கும். ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆரியபட்டர் இவ்விதியைத் தம் நூலில் கூறியுள்ளார். நம் கணக்கில், 12 மாதங்களுக்காக அதை 12 ஆல் பெருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளில்:
முதல் வேலை: (12,000 + 14,000) × 5/2 × 12 = 7,80,000 ரூபாய்.
இரண்டாம் வேலை: (10,000 + 14,000) × 5/2 × 12 = 7,20,000 ரூபாய்.

60,000 ரூபாய் குறைவு! ஒன்பதாம் ஆண்டின் முடிவில்தான் இக்குறை தீர்ந்து, இரண்டிலும் மொத்தம் 15,12,000 ரூபாய் ஆகிறது. பத்தாம் ஆண்டின் முடிவில் இரண்டாம் வேலை 30,000 ரூபாய் முந்திவிடுகிறது.

எனவே, தம்பி தங்கையரின் படிப்புக்கு உடனே பணம் வேண்டுவோருக்கும், சில ஆண்டுகளில் வேலையை விடுவோருக்கும் முதல் வேலையே நன்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்போருக்கு இரண்டாவது நன்று.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். தோழியரே, வேலையை ஏற்குமுன் நாமும் அவ்வாறே கணக்கிடுவோம்!