வாத்து வராத பருவம்: அல்லர்க் கரைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. யாக்ட்ஷைன் என்கிற வேட்டை உரிமம் கையில் வந்த பிறகு உமக்கு இது முதல் முழுப் பருவம். செப்டெம்பர் தொடங்கி டிசெம்பர் வரை ஜேர்மனியின் அல்லர் ஆற்றங்கரைக் குளிரில் நின்றும், ஒரு சட்டி கறிக்குக்கூட வாத்து சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர். ரெவியர் என்கிற வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முதியவர், முந்தி இந்த நேரம் வானம் கறுத்துப்போய்க் கிடக்கும் என்று சொல்லிச் சொல்லியே உம்மைச் சோரவைக்கிறார். பக்கத்து ரெவியர்க்காரர் குளத்தோரம் தானியம் கொட்டுகிறார். நாமும் கொட்டலாமா, அல்லது காசு கட்டினால் வாத்து நிச்சயம் என்கிற இடமாகப் பார்த்துப் போகலாமா என்று கேட்கிறீர்.

இரண்டும் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாத்து இல்லை என்று மூன்று பக்கம் எழுதியவர், ஏன் இல்லை என்று ஒரு வரியும் எழுதவில்லை. வானம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் மூன்று வகை. வாத்து வடக்கிலேயே தங்கிவிட்டது. வந்தும் சிதறிக் கிடக்கிறது. அல்லது அந்த வருடம் குஞ்சே பொரிக்கவில்லை. முதல் இரண்டும் வானிலையின் வேலை, பொறுத்திருந்தால் போதும். மூன்றாவது என்றால் துப்பாக்கியை அலுமாரியில் பூட்ட வேண்டும். முப்பது வருடம் வேட்டையாடியவர்களும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நீர் முதல் வருடத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் அவர்களைவிட முன்னுக்கு நிற்பீர்.

வடக்கில் தங்குவதைப் பற்றி. இங்கே கூடு கட்டும் பச்சைத்தலைக் காட்டுவாத்து பெரும்பாலும் ஊரைவிட்டுப் போவதில்லை. பனிக்காலத்தில் வானத்தை நிரப்புவது ஸ்கண்டிநேவியாவில் இருந்தும் பால்டிக் நாடுகளில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் வரும் விருந்தாளிகள். அங்கே தண்ணீர் உறைந்தால்தான் அவை கிளம்பும். உறையாவிட்டால் அவற்றுக்கு என்ன அவசரம்? குடுமி வாத்து, பொற்கண் வாத்து போன்றவை குளிர்காலத்தில் தங்கும் இடம் 1980களில் இருந்து வடகிழக்காக நகர்ந்துவிட்டது. அவற்றின் தொகை பின்லாந்தில் கூடியிருக்கிறது, சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் குறைந்திருக்கிறது. காட்டுவாத்தும் முன்னைப்போல் நெடுந்தூரம் பறப்பதில்லை என்று வளையம் போட்ட பறவைகள் காட்டுகின்றன. ஆகவே நீர் உமது பக்கத்துச் செல்லே நகரத்தின் வானிலையைப் பார்த்துப் பயனில்லை. எஸ்தோனியாவையும் போலந்தின் வடக்கையும் பாரும். அங்கே சில நாள் தொடர்ந்து கடும் உறைவு இருந்து, காற்றும் கிழக்கில் இருந்து திரும்பினால், அந்த வாரம் வேலைக்கு லீவு கேளும்.

சிதறலைத்தான் நீர் அதிகம் பார்த்திருப்பீர். அல்லர்க் கரைக்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 கோடையில் றைன் நதி கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோலில் 40 சென்ரிமீற்றருக்கும் கீழே இறங்கிக் கப்பல்கள் பாதிச் சுமையோடு போயின. வடக்கிலும் சின்னக் குட்டைகள் வெடித்துக் கிடந்தன. அடுத்த வருட நத்தாருக்கு நிலைமை தலைகீழ். அல்லர், வேசர், லைன, ஹுன்ட எல்லாம் கரை புரண்டு புல்வெளிகளைக் கடலாக்கின. வாத்துக்கு இதில் எது நல்லது என்று நினைக்கிறீர்? வறட்சியில் தண்ணீர் இருக்கும் இரண்டொரு இடத்தில் அவை குவியும். வெள்ளத்தில் கிலோமீற்றர் கணக்கில் முழங்கால் ஆழத் தண்ணீரும் மிதக்கும் புல்விதையும் கிடைத்த பிறகு, உமது குளத்துக்கு வருவானேன்? அந்த நத்தாருக்கு வேட்டைக்காரர் பலர் வாத்தே இல்லை என்றார்கள். வாத்து இருந்தது. அவர்கள் நின்ற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வயலும் முன்னைய வயல் இல்லை. அறுத்த கையோடு தாளை உழுது, அடுத்த பயிரையோ மண் மூடும் பயிரையோ விதைத்துவிடுகிறார்கள். சிந்திய தானியம் சில நாளில் மண்ணுக்குள் போய்விடும். அதனால் அந்திக்குக் குளக்கரையில் காத்திருப்பதற்கு முன்பு, பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்த வயல் இன்னும் தாளோடு நிற்கிறது என்று பாரும். விவசாயியிடம் எப்போது உழப்போகிறார் என்று கேளும். மரியாதையாக வணக்கம் சொல்லிக் கதைத்தால் ஜேர்மன் விவசாயி எல்லாம் சொல்வார். நமது ஆட்கள் கூச்சப்பட்டே பாதி விசயத்தைத் தவறவிடுகிறோம். சதுப்பு நிலத்தின் கதை இதைவிடப் பழையது. இந்த நாட்டுச் சதுப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் வடிகால் வெட்டி உலர்த்தப்பட்டவை. வடகிழக்கில் பேன ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1990களில் இருந்து பல இடங்களில் மீண்டும் தண்ணீரை விட்டார்கள். பறவைகள் திரும்பி வந்தன. வேட்டைச் சங்கக் கூட்டத்தில் யாராவது சதுப்பை மீட்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசினால், நீர் எழும்பி மறுத்துப் பேசும்.

இனி மூன்றாவது காரணம், குஞ்சு பொரிக்காத வருடம். ஜேர்மனியில் ஒரு வருடத்தில் சுடப்படும் காட்டுவாத்தின் தொகை 1990களில் இருந்ததில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. வேட்டைக்காரர் குறைந்ததால் இல்லை. யாக்ட்ஷைன் வைத்திருப்போர் கூடியிருக்கிறார்கள். வசந்தத்தில் குட்டைகள் காய்வது ஒரு காரணம். இன்னொன்று ரக்கூன். 1934ல் எடர் ஏரிக்கரையில் இரண்டு சோடியைத் திறந்துவிட்டார்கள், காட்டுக்கு அழகு என்று. இன்று வருடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் சுட்டும் பிடித்தும் அது குறையவில்லை. நீந்தும், மரம் ஏறும், நாணலுக்குள் இருக்கும் கூட்டையும் விடாது.

குஞ்சு பொரித்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? யூன், யூலையில் கரையோரம் நடந்து தாயோடு திரியும் குஞ்சுகளை எண்ணுவது முதல் வழி. இரண்டாவது, செப்டெம்பரில் கைக்கு வரும் முதல் வாத்துகளின் வாலை விரித்துப் பாரும். அந்த வருடத்துக் குஞ்சு என்றால் வால் இறகின் நுனி நடுவில் வெட்டுப்பட்டதுபோல் பிளந்திருக்கும்; முதிர்ந்ததுக்கு நுனி முழுமையாக இருக்கும். இலையுதிர் காலம் போகப் போக இறகு மாறிவிடும், அடையாளம் மங்கிவிடும். ஆதலால் முதல் வாரங்களிலேயே பார்த்துக் குறித்துவிடும். கிடைப்பதெல்லாம் கிழட்டு வாத்தாகவே இருந்தால், அந்த வருடம் நீர் சுடுவது அடுத்த வருடத்துத் தாயை. அப்போது நிறுத்தும். சட்டம் 1 செப்டெம்பரில் இருந்து 15 ஜனவரி வரை சுட விடுகிறது என்பதற்காக அந்த நாள் எல்லாவற்றிலும் சுட வேண்டும் என்று இல்லை. மாநிலங்கள் இந்தத் திகதிகளை மாற்றலாம், உமது மாநிலத்து அறிவித்தலை ஒவ்வொரு வருடமும் புதிதாக வாசியும்.

தானியம் கொட்டுவது பற்றிக் கேட்டீரல்லவா. சட்டம் என்ன சொன்னாலும் என் பதில் மாறாது. சின்னக் குளத்தில் தானியம் ஊறினால் தண்ணீர் கெடும். அதைவிட, நோய்க் காலத்தில் பறவைகளை ஒரு மூலையில் குவிப்பது பெரிய தவறு. 2025 ஒக்டோபரில் பேர்லினுக்கு வடமேற்கே லினும் பக்கம் கொக்குகள் ஆயிரக்கணக்கில் பறவைக் காய்ச்சலில் செத்து விழுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர். செத்த பறவையைக் கையால் தொடாதேயும், நாயை எடுக்க விடாதேயும். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியும். உமது மாமா வீட்டில் கோழி வளர்க்கிறார் என்றீர். வேட்டைக்குப் போட்ட சப்பாத்தோடு அந்தக் கூட்டுப் பக்கம் போகாதேயும்.

காசு கட்டிச் சுடும் இடத்துக்கு வருவோம். வாத்து நிச்சயம் என்றால் அனேகமாக வளர்த்துத் திறந்துவிட்டதாகத்தான் இருக்கும். வேட்டை தொடங்க நான்கு வாரத்துக்குள் அப்படித் திறந்துவிடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. நான்கு வாரம் கழிந்தால் அது காட்டுவாத்து ஆகிவிடுமா? மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று நம்பும் பறவையைச் சுடுவதற்கு வேட்டை என்று பெயர் வைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.

ஆள் அவசரப்படுவது மெலிந்த பருவத்தில்தான். மாலை முழுவதும் நின்று ஒரே ஒரு சோடி கடந்தால், தூரம் என்று தெரிந்தும் விரல் இழுக்கும். இழுக்க விடாதேயும். 2023 பெப்ரவரி 15ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஈரநிலத்திலும் அதைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் ஈயச் சன்னம் தடை. உருக்குச் சன்னம் ஈயத்தைவிட இலேசானது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். முப்பது மீற்றரைத் தாண்டினால் கொல்லாது, காயப்படுத்தும். நாணலுக்குள் போய் மெல்லச் சாகும் வாத்தைத் தேட, பழக்கிய நாய் உம்முடன் இருக்க வேண்டும். இல்லாதவருக்கு வாத்து வேட்டை இல்லை, சட்டமும் அப்படித்தான். உமக்கு நாய் வாங்கும் நிலை இன்னும் இல்லையென்றால், நாய் வைத்திருப்பவருக்கு உதவியாளாகப் போம். அந்தி வெளிச்சத்திலும் கவனம். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை சுடலாம் என்று சட்டம் விட்டாலும், கருவால் வாத்தின் பேடும் காட்டுவாத்தின் பேடும் அந்த நேரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். கருவாலுக்குச் சிறகில் சின்ன வெள்ளைக் கட்டம் உண்டு. கூட்டாட்சிச் சட்டப்படி அதற்கும் தட்டைவாயனுக்கும் வேட்டைக்காலமே கிடையாது. வெள்ளை தெரியாத இருட்டில் நிற்க வேண்டாம்.

கடைசியில் ஒரு நாள் உமது பருவம் வரும். கடும் உறைவு, குளமெல்லாம் கண்ணாடி, ஆற்றின் ஓடும் தண்ணீரில் மட்டும் நூற்றுக்கணக்கில் வாத்து. முதியவர் சொன்ன கறுத்த வானம் அதுதான். முதல் ஓரிரு நாள் போம். உறைவு நீண்டால் விட்டுவிடும். பசியில் மெலிந்த பறவைக்குப் போக வேறு தண்ணீர் இல்லை. பிரிட்டனில் நீண்ட உறைவில் அரசே வேட்டையை நிறுத்திவைக்கும். இங்கே அது பெரும்பாலும் உமது மானத்தைப் பொறுத்தது.

நிறுத்தாதவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். வடகடலில் சூல்ற் தீவின் கம்பனில் 1767ல் ஒரு வாத்துப் பொறிக்குளம் தொடங்கினார்கள். பழக்கிய வாத்துகளை மிதக்கவிட்டு, இறங்கும் காட்டு வாத்துகளை வலை மூடிய கால்வாய்களுக்குள் ஒதுக்கிப் பிடிப்பார்கள். 1921ல் மூடும்போது பிடித்த மொத்தம் ஏழு லட்சத்தை ஒட்டியது. மெலிந்த வருடம் வந்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. இன்று அது காட்சிசாலை, போய்ப் பாரும்.

வேட்டையாடுகிறோம் என்றால் நமது சனம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், அதற்கும் நியாயம் உண்டு. வேடந்தாங்கல்காரர் வெள்ளைக்காரத் துப்பாக்கியை எதிர்த்து ஏரியைக் காத்தவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். மன்னார் வங்காலையில் ஊசிவால் வாத்து இறங்கும்போது நாம் பார்க்க மட்டும்தான் செய்வோம். இந்த நாட்டில் வேட்டையாடும் உரிமை பராமரிக்கும் கடமையோடு சேர்த்தே தரப்படுகிறது. அந்தக் கடமையைச் செய்கிறீர் என்றால் யாருக்கும் வெட்கப்படத் தேவையில்லை. கிடைத்த ஒன்றிரண்டை யாழ்ப்பாணத் தூள் போட்டு, கொழுப்பு குறைந்த கறி என்பதால் தேங்காய்ப்பால் விட்டு, மெல்லிய நெருப்பில் வையும். சன்னத்தைத் தேடி எடுத்துவிடும், உருக்கு பல்லை உடைக்கும்.

வேட்டை 15 ஜனவரியோடு முடிகிறது. அதே ஜனவரி நடுப்பகுதியில்தான் ஐரோப்பா முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1967ல் இருந்து ஒவ்வொரு வருடமும். ஜேர்மனியில் பறவையியலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒழுங்கு செய்கிறது, தொண்டர்கள்தான் எண்ணுகிறார்கள். வேட்டைக்காரர் அதில் குறைவு. உமது ஆற்றுத் துண்டுக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் உமது பெயரைக் கொடும்.

அன்புடன்,
அண்ணன்