அடித்தவருக்குத் தண்டனை கிடைத்தால் போதுமா?



வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், குடிவெறி, திருவிழாக் கூட்டத்தில் ஒரு சொல் தடித்துப் போவது. நம் ஊர்களில் அடிதடிக்குக் காரணங்கள் இவ்வளவுதான். அடித்த கை ஒரு நிமிஷத்தில் ஓய்ந்துவிடுகிறது. அடிபட்ட குடும்பமோ வருஷக்கணக்கில் கஷ்டப்படுகிறது.

உதாரணமாக ஒரு தச்சரை எடுத்துக் கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் கட்டையால் அடிக்க, தச்சரின் வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. போலீஸார் வழக்குப் போட்டார்கள். அடித்தவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அபராதம் கட்டினார். “நியாயம் கிடைத்துவிட்டது” என்றார்கள் ஊரார். ஆனால் அபராதப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. தச்சரின் மனைவி கழுத்துச் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. இதுதானா முழு நியாயம்? இதைப்பற்றியே இந்த வாரம் படிப்போம்.

இரண்டு வழக்குகள், இரண்டு நோக்கங்கள்

ஒருவர் மற்றொருவரை அடித்தால் இரண்டு கடன்கள் உண்டாகின்றன. ஒன்று நாட்டுக்குச் செலுத்த வேண்டியது. அதற்காகச் சர்க்காரே குற்ற வழக்கு நடத்துகிறது. மற்றொன்று அடிபட்டவருக்குச் செலுத்த வேண்டியது. அதை அவரேதான் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடாகக் கேட்க வேண்டும். ஒரு கடனைத் தீர்த்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் ருசுவாக வேண்டும். சிவில் வழக்கிலோ, நடந்திருப்பதற்கே அதிக சாத்தியம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். ஆகையால் குற்ற வழக்கில் விடுதலையானவர்மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். அதேபோல், அங்கே தண்டனை கிடைத்துவிட்டது என்று இங்கே சும்மா இருந்துவிடவும் முடியாது. சாட்சிகள் மறுபடியும் வந்து சொல்ல வேண்டும்.

மன்னித்த பிறகு பணம் கேட்கலாமா?

நம்மில் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சண்டையில் அடிபட்டவன் சாகாமல் படுக்கையில் கிடந்து, பிறகு எழுந்து கோலூன்றி நடந்தால், அடித்தவன் அவனுடைய வேலை நஷ்டத்தையும் வைத்தியச் செலவையும் கொடுக்க வேண்டும் என்று மோயீசன் சட்டம் விதிக்கிறது. பகையை விடுவது மன்னிப்பு. நஷ்டத்தைக் கட்டுவது நீதி. ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல. மனமுவந்து விட்டுக்கொடுப்பது அடிபட்டவரின் இஷ்டம். ஆனால் பசித்திருக்கும் பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்குமாறு பிறர் அவரை நெருக்குவது தர்மமல்ல.

எவ்வளவு கேட்பது?

நம் தச்சருக்கே கணக்குப் போடுவோம். நாள் கூலி 900 ரூபாய். 90 நாள் வேலையில்லை: 81,000. ஆஸ்பத்திரி, மருந்து: 38,000. போக்குவரத்து: 4,000. உடனிருந்து கவனிக்க மனைவி 20 நாள் வேலைக்குப் போகவில்லை; நாளுக்கு 400 வீதம் 8,000. ஆகக் கூடி 1,31,000 ரூபாய். இவை ரசீதாலும் சாட்சியாலும் காட்டக்கூடியவை. இவற்றுக்கு மேல் வலிக்கும் வேதனைக்கும், இனிமேல் இழைப்புளியைப் பழையபடி பிடிக்க முடியாமல் குறையப்போகும் வருமானத்துக்கும் ஒரு தொகை கேட்கலாம். அதை நீதிபதி மதிப்பிடுவார். நடக்காத செலவைச் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு பொய் ரசீது, பத்து உண்மை ரசீதுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

1. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். யாரால், எதனால் காயம் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். குடும்ப மானத்துக்கு அஞ்சி “படியில் விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், பிற்பாடு அந்த ஏடே உங்களுக்கு விரோதமாகப் பேசும்.

2. விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

3. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணமில்லை.

4. எலும்போ பல்லோ முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதைப்படி, 15 நாள் கடும் வலியில் துன்புற்றாலும், அன்றாட வேலையைச் செய்ய முடியாதிருந்தாலும் அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாள். ஆகையால் எத்தனை நாள் படுத்திருந்தீர்கள் என்பதற்கு வைத்தியரின் எழுத்து முக்கியம்.

எங்கே, எதற்குள்?

சம்பவம் நடந்த ஊரிலும் வழக்குப் போடலாம். அடித்தவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். டெல்லிவாசி ஒருவன் கல்கத்தாவில் ஒருவனை அடித்தால் இரண்டில் எங்கும் வழக்குத் தொடரலாம் என்று 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டப்படி, அடிபட்ட நாள்முதல் மூன்று ஆண்டுக்குள் தொடர வேண்டும். அடியினால் உயிர் போயிருந்தால், குடும்பத்தார் இறந்த நாள்முதல் இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். “குற்ற வழக்கு முடியட்டும்” என்று காத்திருந்து காலத்தைக் கடத்திவிட்டவர்கள் உண்டு. அன்றியும், அடிபட்டவர் வேறு காரணத்தால் இறந்துவிட்டால், வலிக்கும் வேதனைக்கும் கேட்கும் உரிமை பெரும்பாலும் அவரோடு முடிந்துவிடும்.

கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் அதைக் காட்டி, கட்டணமின்றி வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம். பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர் முதலியோருக்கு 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

குற்ற வழக்கிலேயே கேட்கலாம்

தண்டனை விதிக்கும் நீதிபதி, அபராதத் தொகையிலிருந்தோ தனியாகவோ அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவிடலாம். ஹரியானாவில் தலையில் அடிபட்டுப் பேச்சு கெட்டுப்போன ஒருவருக்கு 1988-இல் சுப்ரீம் கோர்ட் நஷ்டஈட்டை 50,000 ரூபாயாக உயர்த்தியதோடு, இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு எல்லா நீதிமன்றங்களுக்கும் சொல்லிற்று. நம் தச்சருக்கு அபராதத்தில் ஒரு காசும் வராததற்குக் காரணம், அவருக்காக யாரும் கேட்காததே. அடித்தவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், அரசின் நஷ்டஈட்டுத் திட்டத்தில் உதவி கேட்டு ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். இப்படிப் பெற்ற தொகையைப் பின்னர் சிவில் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரே நஷ்டத்துக்கு இருமுறை வாங்க முடியாது.

சமாதானமாய்ப் போவதானால்

அதுவே உத்தமம். ஆயினும் தொகை, கொடுக்கும் நாள், எந்தெந்த வழக்கு முடிகிறது என்பதையெல்லாம் தெளிவாக எழுதிக் கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு நீதிமன்றத்திலிருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அங்கே இருவரும் ஒத்துக்கொண்ட முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. அடித்தது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? வக்கீலைத் தேடுமுன் அடிபட்டவர் வீட்டு வாசலுக்குப் போவோம். அவர் கேட்குமுன் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுவோம். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டாலும், பிறனுக்குச் செய்த நஷ்டத்தை ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை.

வீட்டில் கலந்து பேச:

1. குற்ற வழக்குக்கும் நஷ்டஈட்டு வழக்குக்கும் வித்தியாசமென்ன?

2. காயத்தின் காரணத்தை வைத்தியரிடம் மறைப்பதால் வரும் தீமை என்ன?

3. நம் தெருவில் அடிபட்டு, கேட்க வழியறியாமல் இருப்பவர் யாராவது உண்டா? அவரோடு ஆணைக்குழு வரையில் துணைக்குப் போக நம்மில் யாருக்கு முடியும்?