தராசும் லென்ஸும் தெரிந்தவருக்கு வேலை உண்டு

பழைய ஜெர்மன் பொற்காசுகளுக்கு ஏலப் பட்டியல் எழுதும் வேலையில் சேர ஆசையா? முதலில் தராசைப் பழகுங்கள். அரசர் பெயரெல்லாம் அப்புறம். 1559-ல் புனித ரோமப் பேரரசின் நாணயச் சட்டம், கொலோன் மார்க் எனப்பட்ட சுமார் 233.8 கிராம் எடைக்கு 67 டுக்காட் பொற்காசுகள் அடிக்கச் சொன்னது. ஒன்று 3.49 கிராம், 23 காரட்டுக்கும் மேல். இன்னொரு பொற்காசான ரைன் கோல்டுகுல்டனோ 3.25 கிராம், பதினெட்டரை காரட்தான். தட்டில் வைத்ததுமே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எடை குறைந்தால் உடனே போலி என்று எழுதிவிடாதீர்கள். யாராவது விளிம்பைச் சுரண்டியிருக்கலாம். எடை சரியாக இருந்தாலும் நிம்மதி கூடாது. இந்தக் காசுகளில் பலவற்றுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்தவர் வளையத்தை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி விற்றுவிடுவார். பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில், அரசரின் தலைக்கு நேர் மேலே விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மட்டும் எழுத்து மழுங்கி, வழவழவென்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஜெர்மன் பட்டியல்களில் இதற்கு ‘ஹென்கல்ஷ்பூர்’ என்று போடுவார்கள். போடாமல் விட்டால் வாங்கியவர் காசைத் திருப்பி அனுப்புவார், திட்டு உங்களுக்கு.

காசில் உள்ள ஆண்டையும் அப்படியே நம்பக் கூடாது. நியூரம்பர்க் ஆட்டுக்குட்டி டுக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக உருண்டைமேல் கொடியோடு நிற்கும் குட்டி, ஆண்டு 1700. மக்களுக்குப் பிடித்துப்போனதால் அடுத்தடுத்த நாணயச்சாலைத் தலைவர்களும் அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். காசில் உள்ள ஜி.எஃப்.என். என்ற எழுத்துகள் 1700-ல் தலைவராக இருந்த கேயார்க் ஃபிரீட்ரிஷ் நியூர்ன்பெர்கருடையவை. ஐ.எம்.எஃப். என்றிருந்தால் காசு அரை நூற்றாண்டு பிந்தியது. இதில் 32-ல் ஒரு பங்குக் காசும் உண்டு, எடை 0.11 கிராம்! தும்மினால் தேட வேண்டியதுதான்.

காசில் உள்ள லத்தீன் சுருக்கெழுத்துகளும், பொற்காசுகளுக்கான ஃபிரீட்பெர்க் பட்டியலின் எண்களும் பழகப் பழக வந்துவிடும். ஜெர்மன் மொழி அப்படி வராது, உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பயிற்சிக்குச் செலவில்லை. பெர்லின் போடே அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு தன் காசுகளை ஆயிரக்கணக்கில் இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து விவரம் எழுதிவிட்டு, அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தோடு அப்படி எழுதியதில் இரண்டை இணைத்து அனுப்புங்கள். ஒன்றாவது பழுதுள்ள காசாக இருக்கட்டும். தேர்வு செய்பவர் முதலில் அதைத்தான் படிப்பார்.